லிவா சாலையில் ஒரு ரூட்டர்

ஞாயிறு காலை 5.30. துபாய் அல் கூஸிலிருந்து கம்பெனி பிக்கப்பில் கிளம்பினோம். பாலைவனத்தில் லிவா போகும் சாலையைவிட்டு உள்ளே தள்ளி, குழாய் பதிக்கும் ஆட்கள் தங்கும் கேம்ப். ஏறக்குறைய 270 கிலோமீட்டர். அங்குள்ள ரூட்டரில் புது மென்பொருள் ஏற்றுவது என் வேலை. வண்டி ஓட்டியவர் கீழக்கரை ஜமால். அண்ணனை அவர்கள் ஊரில் காக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

7.00. அபுதாபி முசஃபாவில் ஒரு கடை. இரண்டு பரோட்டாவும் டீயும் ஐந்து திர்ஹம். எனக்குப் பாதிதான் இறங்கியது.

"என்ன தம்பி, பயமா?" என்றார் காக்கா.

"பழைய ரூட்டர் காக்கா. உள்ளே இடம் பத்தாது. பழைய மென்பொருளை அழிச்சாத்தான் புதுசு ஏறும். நடுவில ஏதாவது ஆச்சுன்னா ரெண்டுமே இருக்காது."

9.20. கடைசி 14 கிலோமீட்டருக்கு மொபைலில் சிக்னலே இல்லை. கேம்ப்புக்கு வெளியுலகம் அந்த ரூட்டர் வழியாகத்தான். விடுமுறை நாள் என்பதால் எல்லார் கையிலும் போன்.

9.50. வெல்டர் முருகேசன், அரியலூர்க்காரர், ரூட்டர் இருந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், லைன் போயிருமா? நேத்து அப்பா தவறிட்டாரு. டிக்கெட் கிடைக்கல. நம்ம ஊரு மணி ஒண்ணுக்கு எடுக்கறாங்க, இங்க பதினொன்றரை. தம்பி வீடியோவில காட்டுறேன்னான்."

அவர் பார்த்து முடிக்கும்வரை நான் பொறுத்திருக்கலாம். ஆனால் வேலையை முடிக்க மேனேஜர் கொடுத்த நேரம் பதினொன்று வரைதான்.

"இருபது நிமிஷம்தாண்ணே," என்றேன்.

10.10. பழையதை அழித்தேன். பென் டிரைவிலிருந்து புதியது ஏறி முடிந்தது. முழுசாக ஏறியதா என்று சரிபார்க்க ஐந்து நிமிடம் பிடிக்கும். முருகேசன் வாசலிலேயே நின்றார். சரிபார்க்காமல் ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

பச்சை விளக்கு வரவில்லை. ஏறிய கோப்பு பழுது என்றது லேப்டாப் திரை.

பழைய மென்பொருளின் நகல் லேப்டாப்பில் இருந்தது. ஆனால் அந்த நிலையில் மிக மெதுவாக அனுப்பும் கன்சோல் கேபிள் வழியாகத்தான் அனுப்ப முடிந்தது. பத்து நிமிடத்தில் ஒன்பது சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடிய பன்னிரண்டு தாண்டிவிடும்.

10.45. காக்காவைத் தேடி ஓடினேன். "இவரை சிக்னல் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"யல்லா, ஏறுங்க," என்றார் அவர் முருகேசனிடம். உடனே வண்டியை எடுத்தார்.

12.15. பழைய மென்பொருள் ஏறி விளக்கு பச்சையானது. புதியதை ஏற்றிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

12.40. பிக்கப் திரும்பியது. என்னால் முருகேசனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே."

"பாத்துட்டேன் சார். லைன் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"நல்லது. பசங்க காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்காங்க."

1.30. திரும்பும் வழியில், சிக்னல் தொடங்கும் இடத்தில் காக்கா வண்டியை மெதுவாக்கினார். லாரிகள் போகும் சாலை, ஓரத்தில் வெறும் மணல்.

"இங்கதான். வண்டிக்குள்ள ஏசியில உக்காந்து பாருங்கன்னேன். கேக்கல. கீழ இறங்கி, செருப்பைக் கழட்டிட்டு, முடியுற வரைக்கும் நின்னே பாத்தாரு."

வெளியே நாற்பத்து நான்கு டிகிரி.