சாரூனுக்கு ஏறும் காற்று

தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கண்ணாடியை மதிலில் மாட்டி முடித்ததும் சாரூன் முடிவெட்டும் தன் சுழல் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துகொள்வார். காலால் தரையை உந்தி ஒரு சுற்று. பிறகு இன்னொன்று. விகாரை மதில், ஆற்றங்கரைச் சாலை, கரும்புச்சாறு வண்டி, மறுபடியும் மதில். தலை கிறுகிறுத்து, உள்ளங்கை வியர்த்து, இதயம் காதுக்குள் அடிக்கத் தொடங்கும்வரை சுற்றுவார். அப்புறம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, எதுவும் செய்யாமல், அது தானாகப் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

கரும்புச்சாறு விற்கும் சொப்பியாவுக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை.

"தலை சுத்துதுன்னுதானேண்ணே ஆஸ்பத்திரிக்குப் போனீங்க? இன்னும் நல்லா சுத்துன்னு சொல்லி அனுப்பிட்டாங்களா?"

"அதேதான் சொன்னாங்க."

"படிச்சவங்கதானா அவங்க?"

"அந்தச் சந்தேகம் எனக்கும் இருக்கு" என்பார் சாரூன். கேலி இல்லை. அவருக்கு உண்மையிலேயே சந்தேகம்தான்.

கம்போடியாவின் பட்டம்பாங்கில் மதிலோரமாக முடிவெட்டுகிறவர்கள் பலர் உண்டு. சாரூனிடம் ஆட்கள் வந்தது சவரக் கத்திக்காக. நெற்றி, காது மடல், கழுத்து என்று மூன்றையும் வழித்துவிட்டு ஈரத்துண்டால் ஒற்றுவார். கத்தரிக்கோல் பிடித்திருக்கும்போது ஓயாமல் பேசுவார். வந்த தலைகளுக்கெல்லாம் பெயர் வைத்திருப்பார். தபால்காரர் தலை பலாப்பழம். சைக்கிள் கடைக்காரர் தலை மாங்கொட்டை. ஆனால் கத்தி கழுத்துக்கு வந்துவிட்டால் பேச்சு கிடையாது, உட்கார்ந்திருப்பவரையும் பேச விடமாட்டார். "பேசுனா குரல்வளை ஏறி எறங்கும். நான் வேலை செய்யணும்னா கழுத்து ஒரு எடத்துல நிக்கணும்" என்பார்.

அது முதலில் வந்தது ஒரு கோடை மத்தியானத்தில். ஒருவருடைய தாடைக்கு அடியில் வழித்துவிட்டுக் குனிந்த முதுகை நிமிர்த்தினார். கண் இருண்டது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு கழுத்துக்கு ஏறியது. கழுத்து நரம்பு இரண்டும் இப்போதே வெடித்துவிடும் என்று நினைத்தார். காதில் மழை மாதிரி ஓர் இரைச்சல். கையில் கத்தி, எதிரே மல்லாந்த கழுத்து. கத்தியைச் சோப்புக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தார். நாற்காலியில் இருந்தவர் பாதி நுரையோடு கொஞ்சநேரம் காத்திருந்து, தானே துடைத்துக்கொண்டு போனார்.

அவர் மனைவி பல்லாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. "காத்து ஏறிடுச்சு" என்றாள். உடம்புக்குள் ஓடும் காற்று கை கால் வழியாக வெளியேற வேண்டும். அடைத்துக்கொண்டால் மேலே ஏறும், நெஞ்சைப் பிடிக்கும், கழுத்தை உடைக்கும். அங்கே எல்லாரும் அறிந்த சங்கதி. அவரைக் குப்புறப் படுக்கவைத்து, தைலம் தேய்த்து, தைல டப்பாவின் மூடியால் முதுகில் விலா விலாவாகச் சுரண்டினாள். சிவப்புச் சிவப்பாய்க் கோடுகள் எழுந்தன. "பாரு, எவ்வளவு காத்து." அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

மறுபடி வந்தது. பஸ்ஸில், கல்யாணப் பந்தலில், சும்மா சோற்றுத் தட்டின் முன்னால். சந்தைக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மஞ்சள் நிற சலைன் ஏற்றினார்கள். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்து, "குதிரை மாதிரி இருக்கு உங்க நெஞ்சு" என்றார்.

"அப்ப வந்தது யாரு டாக்டர்?" என்று கேட்டார் சாரூன். டாக்டர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப்பின் கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு முடிவெட்டும் மிஷினோடு நின்றுகொண்டார். கல்யாணத்துக்குப் போனால் வாசல் ஓரமாக உட்காருவார். பிறகு கல்யாணத்துக்கே போகவில்லை. பேசிக்கொண்டே இருக்கையில் இரண்டு விரல் தானாகக் கழுத்துக்குப் போய்த் துடிப்பைத் தொட்டுப் பார்க்கும்.

பல்லாவின் அப்பாவுக்குத்தான் இதில் கோபம். வாரம் தவறாமல் மருமகனிடம் முகம் வழித்துக்கொள்பவர் அவர். "மிஷினா இது? மாடு நக்குற மாதிரி இருக்கு" என்று கன்னத்தைத் தடவுவார். கடைசி மாதங்களில் படுக்கையில் கிடந்தபோதும் அதையே சொன்னார். சாரூன் தலையைக் குனிந்துகொண்டு மிஷினையே ஓட்டினார்.

சுகாதார நிலையத்தில் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட முதல் ஆள் நர்ஸ் கன்னிகா. "உடம்புக்குள்ள பயத்துக்குன்னு ஒரு மணி இருக்கு மாமா. தீப்பிடிச்சா அடிக்கிறதுக்கு. உங்களுக்குத் தீ இல்லாமலே அடிக்குது. அந்தச் சத்தம் உங்களைக் கொல்லாது" என்றாள்.

"எனக்கு எதுக்குப் பயம்? நான் எதுக்கும் பயப்படலையே."

"நீங்க பயப்படலை. மணி பயப்படுது."

இது அவருக்கு விளங்கவில்லை. மணி தனி, தான் தனியா? இருந்தாலும் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தினம் ஒரு மாத்திரை. அது பிடிக்கச் சில வாரம் ஆகும். வரும்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். எழுந்து ஓடக் கூடாது. ஓட ஓட அதற்குப் பலம். தலைசுற்றலைத் தானே வரவழைத்து, அது வந்து போவதைப் பார்த்துப் பழக வேண்டும். "உங்ககிட்டதான் சுத்துற நாற்காலி இருக்கே" என்றாள்.

"பொண்டாட்டி சுரண்டுறா. அது தப்பா?"

"சுகமா இருந்தா சுரண்டிக்கோங்க. ஓடாம இருந்தாச் சரி."

இது அவரை இன்னும் குழப்பிவிட்டது. தப்பு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது மாத்திரை, மூச்சு, நாற்காலி, மூடி எல்லாம் சேர்ந்து நடக்கிறது. வருவது குறைந்தும் இருக்கிறது. எதனால் என்று தெரியவில்லை. ஒருவாரம் சுரண்டாமல் இருந்து பார்ப்போம் என்று பல்லாவிடம் கேட்டார்.

"எதுக்கு?"

"எது வேலை செய்யுதுன்னு தெரியணும்ல."

"போனாச் சரி. எது போக்குச்சுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்று சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

மாமனார் இறந்தது அந்தச் சமயத்தில்தான். சிதை மூட்டுவதற்கு முன் மகன் ஒருநாள் துறவியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதற்குத் தலையும் புருவமும் மழிக்க வேண்டும். மகன், பல்லாவின் தம்பி நரின், ஐஸ் கட்டி வண்டி ஓட்டுகிறவன், வாய்த்துடுக்கு. வீட்டிலேயே ஆள் இருக்க வெளியாளை யாரும் யோசிக்கவில்லை. சாரூன் அவனைத் தனியாக அழைத்துப்போனார்.

"மாப்ள, மிஷின்ல ஒட்ட வெட்டித் தர்றேன். கத்திக்கு வேற யாரையாவது பார்ப்போம்."

"அப்பா மிஷினைப் பத்தி என்ன சொன்னாருன்னு நானும்தான் கேட்டேன் மச்சான்."

சாரூன் கடைக்குப் போய்த் துணியை அவிழ்த்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

பந்தல் நிறைய ஆட்கள். ஒலிபெருக்கியில் பிக்குகளின் ஓதல். ஊதுவத்திப் புகை மேலே போகாமல் தலைமட்டத்திலேயே நின்றது. வாசல் ஓரம் என்று ஒன்று அங்கே இல்லை. நரினைப் பந்தலின் நட்ட நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். சாரூன் தண்ணீர் தெளித்து, உச்சியிலிருந்து வலப்பக்கம் இறங்கினார். கை பழசை மறக்கவில்லை. காதோரம் குனிந்து வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

வந்துவிட்டது.

வயிறு, நெஞ்சு, கழுத்து. காதில் அதே இரைச்சல். கத்தியை மடக்கி முக்காலியில் வைத்தார். முகம் வெளுத்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். "காத்து, காத்து" என்று நாலு கைகள் வந்தன. ஒருவர் விசிறினார், ஒருவர் படுக்கவைக்க இழுத்தார். பல்லா தைலத்தை நெற்றியில் அப்பினாள். கால் ஓடத்தான் பார்த்தது. எந்தப் பக்கம் ஆறு என்றுகூடக் கணக்குப் போட்டது.

"விடுங்க. நின்னுக்கிறேன்" என்றார் சாரூன். நரினின் தோளைப் பிடித்துக்கொண்டார். மூச்சை வெளியே விட்டார். அது நீளமாகப் போகவில்லை. துண்டு துண்டாகப் போனது. சாகப்போகிறோம் என்று தோன்றியது. மணிதான் என்று சொல்லிப் பார்த்தார், நம்பிக்கை வரவில்லை. காற்றுதான் என்று சொல்லிப் பார்த்தார், அதிலும் வரவில்லை. எதை நம்பிக்கொண்டு நிற்பது என்று தெரியாமலே நின்றார்.

பாதித் தலை மழித்த நரின் திரும்பாமல் பேசினான். "அவசரமில்ல மச்சான். அப்பா எங்கயும் போயிட மாட்டாரு."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாரூனுக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. அப்படியும் வருமா என்று வியந்தார். எப்போது இறங்கியது என்று அவரால் பிறகும் சொல்ல முடியவில்லை. தைலமா, மூச்சா, விசிறியா, நரினா? கவனித்தபோது காதில் இரைச்சல் இல்லை, ஓதல்தான் கேட்டது.

மீதித் தலையை வழித்து முடித்தார். புருவம் பாக்கி. கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் கத்தி போக வேண்டும், விரல்களில் நடுக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. அதை நரினும் பார்த்தான். பார்த்துவிட்டு, கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் கொடுத்தான். சாரூன் சுண்டுவிரலை அவன் நெற்றிப்பொட்டில் ஊன்றி, கை நிற்பதற்காகக் காத்திருந்தார்.