கதவுக்கு ஒரு மடிப்பு

பஸ் டிப்போவில் அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பின்னால் எடுப்பதில் அப்படி ஒரு சமர்த்து. இரண்டு பஸ்களுக்கு நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்க இடம் இருந்தால் போதும், மூன்றாவது பஸ்ஸைப் பூனையை எழுப்பாமல் உள்ளே விட்டுவிடுவார் என்பார்கள். அது கொஞ்சம் அதிகப்படிதான், பூனை எழுந்துவிடும். மற்ற டிரைவர்கள் பின்னால் எடுக்கும்போது யாராவது பின்பக்கம் நிற்க வேண்டும். பஸ்ஸின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். ரிவர்ஸுக்கு அந்தத் துணையெல்லாம் வேண்டாம். யாராவது தட்ட வந்தால், "கையை எடுப்பா, வண்டிக்குக் கூசும்" என்பார்.

வீட்டில் இந்தப் புகழ் செல்லுபடியாகவில்லை. அவருடைய மனைவி டெய்லர். பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பதுதான் அவளுக்கு முக்கால்வாசி வேலை. தெருவில் யாருக்குத் தொப்பை போட்டது, யாருக்கு வற்றியது என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால் எதிரில் நிற்பவர் தானாகவே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவளிடம் போய், "நான் இன்னைக்கு எப்படிப் பின்னால எடுத்தேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், "சாப்பிட்ட தட்டையும் அப்படியே பின்னால எடுத்துட்டுப் போய்க் கழுவி வையுங்க" என்பாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் இருந்தது. மூன்று பக்கமும் இரண்டு ஆள் உயரச் சுவர். போக வர ஒரே வழி, சமையலறையை ஒட்டிய பின்கதவு. அந்தக் கதவைத் தாண்டினால் ஒரு படி இறங்க வேண்டும். படிக்குக் கீழே வெடித்துப்போன சிமெண்டுத் தரை, அதற்கப்பால் மேடும் பள்ளமுமாக மண். பெயிண்ட் வாளியில் மிளகாய், ஓட்டை பேசினில் புதினா, மண்தொட்டியில் ஒரு ரோஜா என்று அவள் அங்கே ஒரு சின்ன ராஜ்யம் நடத்திவந்தாள். தைத்துத் தைத்துக் கண் எரியும்போது அங்கே போய் நிற்பாள். மிளகாய்ச் செடியைத் திட்டுவாள். அது காய்க்கும்.

ஒரு நாள் காலையில், துவைத்த துணியோடு இறங்கும்போது அந்தப் படி அவளை வாரிவிட்டது. கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, "இனி தாராளமா நடக்கலாம்" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் கைத்தடியோடு நடந்தாள். கடைக்குக்கூடப் போய் வந்தாள். பின்கதவு வரைக்கும் வந்தால் மட்டும் நின்றுவிடுவாள். "வேலை கிடக்கு" என்று திரும்பிவிடுவாள். பிறகு ஒரு நாள் ரிவர்ஸ் டிப்போவிலிருந்து வந்தபோது, தையல் மிஷின் இடம் மாறியிருந்தது. அவள் முதுகு இப்போது பின்கதவைப் பார்த்திருந்தது.

"வெளிச்சம் இப்படித்தான் நல்லா வருது" என்றாள், அவர் கேட்காமலே.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாதா? சொல்லி என்ன ஆகப்போகிறது? பயத்தை வாயால் இறக்கிவைக்க முடியுமானால் உலகத்தில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வண்டி ஏற மறுத்தால் ரோட்டைச் சரிசெய்ய வேண்டும்.

"பின்னாடி தோட்டத்தை மாத்தப் போறேன்" என்று அறிவித்தார்.

"முதல்ல பனியனை மாத்துங்க" என்றாள் மனைவி.

பேவர் கல் விற்கும் கடைக்காரர், "ஒரு சாண் தோண்டி, ஜல்லி போட்டு, மணல் போட்டு, அப்புறம் கல்லை வையுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். ரிவர்ஸ் தலையை ஆட்டினார். தோண்டும் எண்ணமே அவருக்கு இல்லை. வீட்டுத்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக வர வேண்டும், நடுவில் படி என்ற பேச்சே இருக்கக்கூடாது என்பதுதான் திட்டம். ஏற்றவேண்டிய தரையை எந்தப் புத்திசாலி தோண்டுவான்? இருந்த தரையின் மேலேயே ஜல்லியைக் கொட்டித் திம்சுக்கட்டையால் இடித்து, மணலைப் பரப்பி, தூரத்துச் சுவரிலிருந்து கல் பதித்துக்கொண்டு வந்தார். எல்லாம் விடுமுறை நாட்களில். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடுவார். பழம் சுவரோரத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினால் சரி. வீட்டுப் பக்கம் வந்தால் கல்லைப் பெயர்த்து மறுபடி.

நடுநடுவே தொட்டிகள் வந்து இறங்கின. டிப்போவில் தேய்ந்து ஒதுக்கிய டயர் ஒன்றுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து மிளகாய்ச் செடியை அதில் குடியேற்றினார். பழப்பெட்டிப் பலகைகளை அறுத்து நீளமாக ஒரு பெட்டி செய்து அதில் புதினா. ரோஜாவுக்கு இடுப்பு உயரச் சிமெண்டுத் தொட்டி, அதற்கு ஜோடியாக இன்னொரு காலித் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக ஒரு முழம் விட்டு, பஸ் நிறுத்துவதுபோல் வரிசையாக நிறுத்தினார்.

இதையெல்லாம் மேலிருந்து கண்காணிக்க ஓர் ஆள் இருந்தார். மாடியில் குடியிருந்த கோச். ஓய்வுபெற்ற நீச்சல் ஆசிரியர். வாழ்நாள் முழுக்கக் கரையில் நின்றுகொண்டே மற்றவர்களைத் தண்ணீரில் தள்ளியவர். அந்தப் பழக்கம் போகவில்லை.

"முழங்கையை மடக்காதீங்க டிரைவர்! மூச்சு விடுங்க! கல்லு வைக்கும்போது மூச்சு விடணும்!"

"நான் மூச்சு விடாமலா சார் இவ்வளவு நாள் உயிரோட இருக்கேன்?"

கடைசி இரண்டு வரிசைதான் பாக்கி, கதவை ஒட்டி. அன்றைக்குப் பார்த்து மனைவிக்கு ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுகள் ஒரு மூட்டை வந்திருந்தன, நீளம் குறைக்க. "கதவைச் சாத்திட்டு வேலையைப் பாருங்க" என்றாள். "ஒரு பொட்டு சிமெண்டுத் தூசி கோட்டுல விழுந்துச்சு, உங்களையும் சேர்த்து வச்சுத் தச்சுடுவேன்."

சாத்திய கதவுக்கு எதிரே உட்கார்ந்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கல்லை இறக்கினார். கடைசிக் கல் கதவோடு ஒட்டி, நூல் நுழையாத இறுக்கத்தில் உட்கார்ந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தது. வாழ்க்கையிலேயே இவ்வளவு நெருக்கமாக அவர் எதையும் நிறுத்தியதில்லை. எழுந்து, முகத்தைத் துடைத்து, சட்டையைக்கூடப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, கதவைத் திற!" என்று கூப்பிட்டார்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு 'முக்' என்றது. அவ்வளவுதான்.

"வெளியில என்ன வச்சிருக்கீங்க? திறக்க மாட்டேங்குது."

"தள்ளு!"

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்!"

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. சாரல் உள்ளே வரக்கூடாது என்று கட்டியவர்கள் அதை வீட்டுத் தரைக்கு இரண்டு விரல் கீழே தொங்கும்படி மாட்டியிருந்தார்கள். படி இருந்த காலத்தில் அது காற்றில் வீசித் திறந்தது. இப்போது அதன் முகவாய்க்கட்டையைப் பேவர் கற்கள் அணை போட்டுப் பிடித்திருந்தன. இத்தனை வருஷமாக ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலும் உயரப் பலகையைப் படித்துவிட்டுப் போகிற மனிதர், தன் வீட்டுக் கதவின் உயரத்தைப் பார்க்க மறந்திருந்தார்.

பின்னால் சுவர், இரண்டு பக்கமும் சுவர், முன்னால் கதவு. ரிவர்ஸ் தன்னைத்தானே தோட்டத்தில் நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கலாம்னுதான் நினைச்சேன்" என்றார் மாடியிலிருந்து கோச். "அப்புறம் கதவு உள்பக்கமாத் திறக்கும்போலன்னு விட்டுட்டேன்."

"மூச்சு விடறதைப் பத்தியெல்லாம் சொன்னீங்களே சார், இதைச் சொல்லக்கூடாதா?"

"சுவர் ஏறிக் குதிங்க. நான் எண்ணுறேன்."

ரிவர்ஸ் மஞ்சள் டயரின் மேல் ஒரு கால் வைத்து எம்பினார். வயிறு சுவரைத் தொட்டது, கை சுவரின் உச்சியைத் தொடவில்லை. மிளகாய்ச் செடி நசுங்கப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மனைவியின் முகம் தெரிந்தது. கம்பிக்கு நடுவே ஒரு டம்ளர் டீ வந்தது.

"பார்வை நேரம் முடியறதுக்குள்ள குடிச்சிடுங்க" என்றாள்.

"கிண்டலா?"

"கிண்டல் இல்லைங்க. வெளியில எப்போ விடுவாங்கன்னு ஏதாவது சொன்னாங்களா?"

மேலே கோச் சிரித்த சிரிப்பில் கைப்பிடிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய துண்டு தோட்டத்தில் விழுந்தது.

"சரி, சரி" என்றாள் அவள். "கடைசி ரெண்டு வரிசையைப் பேத்து எடுங்க. கதவு திறக்கிற அளவுக்குப் பள்ளமா வையுங்க. அரை மணி நேர வேலை."

"அதான் சரி" என்றார் கோச்.

ரிவர்ஸ் டம்ளரைப் பார்த்தார். "கல்லைத் தொட மாட்டேன்."

"ஆமா, பெரிய அரண்மனை! இறங்கி வந்தா கௌரவம் குறைஞ்சிடும்!"

"கல்லைத் தொட மாட்டேன்னா தொட மாட்டேன்."

"ஏன்? அப்படி என்ன பிடிவாதம்?"

அவர் கதவைப் பார்த்துச் சொன்னார்: "எடுத்தா மறுபடியும் அங்க படி வந்துடும்மா."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரையைப் பார்த்தாள். கதவிலிருந்து தூரத்துச் சுவர்வரை, தைத்த கோடுபோல் மடிப்பில்லாமல் ஓடிய தரை. குரல் வழக்கத்தைவிடக் கடுமையாக வந்தது.

"பேண்ட் நீளமா இருந்தா பேண்டைக் குறைப்பாங்களா, தரையைத் தோண்டுவாங்களா?"

"பேண்டை."

"அப்போ கதவைக் கழட்டுங்க."

கீல்கள் வெளிப்பக்கம்தான் இருந்தன. அவர் கையிலும் சுத்தியலும் திருப்புளியும் இருந்தன. கீல் ஆணிகளைத் தட்டி எடுத்தார். கதவின் தலையை முன்னால் சாய்த்து, அடியைக் கல்லுக்கு நடுவிலிருந்து பல் பிடுங்குவதுபோல் உருவி, இரண்டு சிமெண்டுத் தொட்டிகளின் மேல் படுக்கவைத்தார். ரோஜாச் செடி கதவுக்கு ஓரமாகத் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தது. பலகை அறுத்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு, "சாக்கட்டியைக் கொடு, கோடு போட்டுக்கிறேன்" என்றார் வாசல் நிலையைப் பார்த்து.

"யாரு, நீங்களா? உங்க அளவை நம்பித்தானே இந்தக் கதி!"

அவள் வந்தாள். கழுத்தில் டேப், கையில் நீலச் சாக்கட்டி, வாயில் திட்டு. "ரெண்டு விரல் எடுத்தா உரசும், ரெண்டரை எடுக்கணும். எடுத்துட்டு கீழே பழைய டியூப் ரப்பரை வச்சுப் பட்டி அடிக்கணும், இல்லேன்னா மழைத் தண்ணி சொல்லாமக் கொள்ளாம வந்து உக்காந்துக்கும்..." என்று பேசிக்கொண்டே நிலையைக் கடந்து, கடைசி இரண்டு வரிசைக் கற்களைக் கடந்து, கதவுக்குப் பக்கத்தில் வந்து டேப்பை விரித்தாள்.

ரிவர்ஸ் மூச்சு விடவில்லை. அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், ஜன்னலோரம் கைத்தடி சாய்ந்து நின்றது.

மாடியில் கோச் வாயைத் திறந்தார். ரிவர்ஸ் விரலை உதட்டில் வைத்தார். கோச் வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அநேகமாக முதல் தடவை.

"என்ன பராக்குப் பாக்குறீங்க? பிடிங்க இந்தப் பக்கம்" என்றாள். பிடித்தார். கோடு போட்டாள். அறுத்தார். மரத்தூள் பறந்தது, வெள்ளைக் கோட்டுகளின் ஞாபகம் இரண்டு பேருக்கும் வரவில்லை. கதவை மாட்டித் தள்ளியபோது அது ஒரு இலை அளவு இடைவெளியில் தரைமேல் வழுக்கிக்கொண்டு திறந்தது.

அவள் உள்ளே போகவில்லை. இடுப்பில் கைவைத்துத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதென்ன, டிப்போ மாதிரி வரிசையா நிறுத்தி வச்சிருக்கீங்க? செடியெல்லாம் எப்போ கிளம்புது? ரோஜாவுக்கு அங்க வெயிலே வராது. அந்தத் தொட்டியை மூலைக்கு நகர்த்துங்க."

இடுப்பு உயரச் சிமெண்டுத் தொட்டி. ரிவர்ஸ் குனிந்து, கட்டிப்பிடித்து, பின்பக்கமாக இழுத்தார். மூலை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு அது எத்தனை அடி என்று பார்க்காமலே தெரியும்.

அவள் பக்கத்தில் நடந்து வந்து, தொட்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வாங்க... வாங்க... இன்னும் வரலாம்..."

கூசும் என்று அவர் சொல்லவில்லை. அவள் தட்டத் தட்ட, புதிதாகப் பின்னால் எடுக்கப் பழகுகிற பையனைப்போல, அங்குலம் அங்குலமாக வந்தார். மூலைக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. அவள் தட்டுவதை நிறுத்துகிற வழியாக இல்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முதுகு சுவரில் முட்டிய பிறகுதான் ஒரு தட்டு விழுந்தது.