நாலு நாளுக்கு ஒரு கூடாரம்

வயதுக்கு முந்திக் கிழவனாகிப்போனவன் என்று மனைவி என்னைச் சொல்வாள். இரண்டு நாள் பயணம் என்றாலும் வீட்டுச் சன்னல்களை எண்ணிச் சாத்துவேன்; தெருவுக்கு வந்தபின் திரும்பிப் போய் மறுபடியும் எண்ணுவேன். பயணம் என்ற சொல்லே எனக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே இருந்த அந்தப் பயம் முழு உருவம் எடுத்தது, மாமா எங்களை மலைநாட்டுக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்ட கிழமையில். அப்போது எனக்குப் பத்து வயது.

சண்டை நின்று பாதை திறந்து, நாங்கள் வன்னியிலிருந்து ஊர்காவற்றுறையில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டின் பாதிக்குத்தான் ஓடு இருந்தது. மிச்சப் பாதியை, வன்னியில் நாங்கள் குடியிருந்த அதே நீலத் தறப்பாள் விரிப்பால் அப்பா மூடியிருந்தார். அந்த நேரத்தில்தான் அம்மாவின் தம்பி கனடாவிலிருந்து வந்தார். நான் பிறக்க முன்னரே போனவர். அதுவரை எனக்கு அவர் ஒரு படம் மட்டுமே.

வந்த சில நாளில் மேசையில் இலங்கைப் படத்தை விரித்தார். நுவரெலியாப் பக்கத்தில் பென்சிலால் வட்டங்கள் போட்டார். முதல் இரவு ஓர் ஏரிக்கரை, அடுத்தது ஒரு நீர்வீழ்ச்சிக்குக் கீழே, பிறகு இன்னும் பெரிய ஏரி. கனடாவில் கோடை வந்தால் சனங்கள் ஏரிக்கரைகளுக்குப் போய்க் கூடாரம் அடித்து இருப்பார்களாம். இடத்துக்குக் காசும் கட்டுவார்களாம்.

கடற்றொழில் செய்த அப்பா இதைக் கேட்டுவிட்டு, "காசு குடுத்துத் தறப்பாளுக்கை படுக்கிறதோ?" என்றார். பகிடியாக அல்ல, உண்மையாகவே கேட்டார்.

"ஓம் அத்தான். சந்தோசத்துக்கு."

அப்பா படத்தில் ஏரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பெருக்கு நேரத்தில் ஏரித்தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறும், எந்தக் காற்று அடிக்கும், கூடாரத்தின் வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்றெல்லாம் விசாரித்தார். அம்மாவின் கவலை குடிதண்ணீர். எங்கள் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். ஆறு கலன் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்றார். மாமாவுக்குச் சிரிப்பு. அங்கே தண்ணீர் மலையிலிருந்து கொட்டுகிறது என்று சொல்லிப் பார்த்தார். கொட்டுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீரோ என்று யாருக்குத் தெரியும் என்று அம்மா கேட்டார். ஆறு கலன் என்று முடிவாயிற்று.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தெரிந்த பேச்சு. எந்தப் பாதையால் போவது, எவ்வளவு அரிசி, தண்ணீருக்கு என்ன வழி, இரவு எங்கே படுப்பது. வன்னியில் ஐந்து தரம் இடம்பெயர்ந்தோம். ஐந்து தரமும் பெரியவர்கள் இதே ஒழுங்கில்தான் பேசினார்கள். ஐந்து தரமும் "ரெண்டு நாள்தான்" என்றே எனக்குச் சொன்னார்கள். விட்டுப்போன இடம் ஒன்றுக்கும் நாங்கள் திரும்பவில்லை.

கணக்கில் நான் கெட்டிக்காரன். ரெண்டு நாள் என்று போன ஓரிடத்தில் ஒன்றரை வருடம் இருந்திருக்கிறோம். அப்படியானால் மாமாவின் நாலு நாள் என்பது மூன்று வருடம். திரும்பி வருவதானால், எனக்கு அப்போது பதின்மூன்று வயதாகியிருக்கும்.

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், நாங்கள் திரும்பி வருவோமோ என்று கேட்டேன்.

"விசர்க் கதை கதைக்காதை. நாலு நாள்தான்."

குரல் அதே குரல். என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

பெரியவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்கு மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகும்போது சந்திக் காவலரணில் நேவிக்காரர் கூடியிருக்கிறார்களா என்று பார்த்தேன். வழக்கம்போல மூன்று பேர். ஒருவன் காதைக் குடைந்துகொண்டிருந்தான். அவ்வளவு சாதாரணமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. முந்திய தரங்களிலும் கடைசி நாள் வரை எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது.

மாமா கூடாரத்தை முற்றத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்தார். செம்மஞ்சள் நிறம், பெரிய முட்டையை வெட்டிக் கவிழ்த்தது போல. எங்கள் ஆடு வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனது. உள்ளே வந்து பார் என்று மாமா என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அம்மா முற்றம் கூட்டுகிறபோது கூடாரத்தைச் சுற்றி கை விரித்த ஒரு பாகத் தூரம் விட்டே கூட்டினார்.

புறப்படுகிற காலை வாடகை வான் வேலிப் படலையடிக்கு வந்துவிட்டது. அப்பா தண்ணீர்க் கலன்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். ஆட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு மாமி முதல்நாளே ஒத்துக்கொண்டிருந்தார். அம்மா முன்கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார். பிறகு வீட்டின் பின்பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார். குனிந்து, ஆட்டின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இடம்பெயருகிற வீட்டில்தான் ஆட்டை அவிழ்ப்பார்கள். ஓடிவந்து படலைக் கட்டையைக் கட்டிப்பிடித்தேன். வரமாட்டேன் என்று கத்தினேன். அப்பா என் கைகளைப் பிரிக்கப் பார்த்தார். கால்சட்டையை நனைத்துவிட்டேன்.

ஆட்டை அவிழ்த்தாயிற்று என்று நான் அழ, மாமா பின்பக்கம் போனார்; அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கயிற்றோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, ஏன் ஆட்டை அவிட்டனீங்கள்?"

"கட்டினபடி விட்டிட்டுப் போனா அது நிண்ட இடத்திலை செத்துப்போகுமெல்லோ, தம்பி."

"மாமி தண்ணி வைப்பாதானே."

அம்மா வேலிக்கு அப்பால் பார்த்தார். மாமி அங்கே உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவவும் ஊரைவிட்டு வெளிக்கிடுவா எண்டெல்லோ நினைச்சிட்டன்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு நிலத்தில் குந்தி இருந்துவிட்டார்.

மாமா பிறகு சிரிக்கவில்லை. வானைத் திருப்பி அனுப்பினார். அப்பா ஆறு கலன்களையும் இறக்கினார். அவிழ்த்துவிட்ட ஆடு எங்கும் போகாமல் அதே கட்டையடியில் நின்று அசைபோட்டது.

வீட்டில் கட்டில் இருக்க, மாமா கூடாரத்தை முற்றத்தில் மறுபடியும் அடித்து, மிச்ச நாட்களை அதற்குள்ளேயே கழித்தார். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனமில்லை என்று நான் நினைத்தேன். இனி எங்கும் போகவில்லை என்று உறுதியானபின் ஒரு மத்தியானம் அவர் கூப்பிட, உள்ளே போனேன். வெயிலில் எல்லாம் செம்மஞ்சளாக இருந்தது.

"நான் கனடாவிலை இருக்க, வன்னியிலை தறப்பாளுக்கை ஆர் ஆர் எங்கை படுத்தனீங்கள், மருமோன்?"

கேட்டது எனக்குப் பிடித்த வகைக் கேள்வி. வாசலோடு அப்பா, பிறகு நான், பிறகு அம்மா என்று கையால் அளந்து காட்டினேன். மாமா கவனமாகப் பார்த்தார். அம்மாவின் இடத்துக்கு அப்பால் கொஞ்ச இடம் மிச்சம் இருந்தது. அங்கே போய் முழங்காலை மடக்கிச் சரிந்து படுத்தார்.

"அது சாமான் வைக்கிற இடம், மாமா. அங்கை ஒருத்தரும் படுக்கிறேல்லை" என்றேன்.

அவர் எழும்பவில்லை. முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டார். சொன்னது விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, அதையே கொஞ்சம் உரத்து மறுபடியும் சொன்னேன்.