கடை கடையாக ஒரு குதிரை

மாஃபியாவுக்குப் பேர்போன சிசிலித் தீவு, பலெர்மோ நகரின் பிரான்காச்சோ கடைத்தெரு. கலைவிழாவுக்கு வந்த ஆங்கிலேயத் துரை ஒருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கோலில் செருகிய மரக் குதிரைத்தலையின் தாடையைக் கயிற்றால் இழுத்துப் படார் படாரென்று அடிக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் இப்படி வாசல் வாசலாகப் போய்ச் சில்லறை கேட்பது அவருடைய கென்ட் பக்கத்து வழக்கமாம்.

இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர்கள் கல்லாவைத் திறந்து, தலை நிமிராமல், லீரா நோட்டுகளைக் குதிரையின் வாயில் திணிக்கிறார்கள்.

"என்ன கலையார்வம்!" என்று சாக்குக்குள் துரை உருகுகிறார்.

இறைச்சிக்கடையில் வேலை செய்யும் மன்னார்க்காரர் அந்தோனியிடம் விசாரிக்கிறேன்.

"மாசாமாசம் கப்பக் காசுக்கு வாற ஆக்களிட்டை, ஆர் நீ எண்டு இஞ்சை ஒருத்தரும் கேக்கிறேல்லை, அண்ணை."

முதலாளி அவர் காதில் ஏதோ கிசுகிசுக்கிறார்.

"என்னவாம்?"

"பழைய ஆள் இனி இல்லையோ, இந்தக் குதிரைதான் வருமோ எண்டு கேக்கிறார்."