மேசையை எடுத்த அஜீசுன்னிசா

சிதம்பரத்தில் லால்கான் தெருவை ஒட்டிய சந்தில் முஹம்மது யூசுப்புக்கு ஒரு மளிகைக் கடை. கல்லாவில் அவர் உட்கார்ந்திருப்பார். நிறுத்துக் கொடுப்பது அவர் மனைவி அஜீசுன்னிசா. சந்துக்கே அவர் பாயம்மா. கடை வாசலை அடைத்துக்கொண்டு இடுப்பளவு உயரத்தில் ஒரு மரமேசை. வாங்க வருகிறவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள்; சாமான்கள் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கும்.

2016இல் பெரிய தெருவில் இரண்டு மாடியில் சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். யூசுப் அந்த வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார். அஜீசுன்னிசாவுக்கோ பார்த்தே ஆகவேண்டும். மூன்றாம் நாள் கிளம்பினார்.

“அங்க உனக்கு என்னா வேல?” என்றார் யூசுப்.

“நம்ம ஆளுங்க அங்க போயி என்னா பண்றாங்கன்னு பாத்துட்டு வரேங்க.”

உள்ளே பிஸ்கட் அடுக்குக்கு முன்னால் பார்வதம் நின்றுகொண்டிருந்தார். கோயில் பக்கத்துக்காரர், பன்னிரண்டு வருட வாடிக்கை. பாயம்மாவைக் கண்டதும் கையிலிருந்த கூடையைப் புடவைக்குப் பின்னால் தள்ளினார்.

“மறைக்காதீங்க, நானும் வேடிக்கை பாக்கத்தான் வந்தேன். ரொம்ப நேரமா எதையோ படிக்கிறீங்களே?”

பார்வதம் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார். “வீட்ல அவுங்களுக்குச் சுகர் ஜாஸ்தி. எதுல எவ்ளோ சக்கரை போட்டிருக்குன்னு பாக்கறேன். உங்க கடையில நின்னு இப்படிப் படிக்க முடியுமா? பின்னாடி நாலு பேர் நிப்பாங்க. பேரச் சொல்லணும், வாங்கணும், நகரணும்.”

இருபது வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நின்றவருக்கு இது தோன்றியதே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றினார். ஒரு பெண் ஐந்து சோப்புகளை முகர்ந்து பார்த்துவிட்டு ஆறாவதை எடுத்தாள். பருப்பு வகைகளின் தமிழ்ப் பெயர் தெரியாத வடநாட்டு மாணவர்கள் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து, “மேசைய எடுத்துடலாங்க” என்றார்.

“திருட்டுப் போவும்.”

“கொஞ்சம் போவட்டும். என்னா நடக்குதுன்னு பாப்போம்.”

யூசுப் நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் அவரே ஆசாரி அன்பரசுவைக் கூட்டிவந்தார். அரை நாளில் மேசை போய், சுவரோரம் பலகை அடுக்குகள் வந்தன.

ஆனால் மறுநாள் ஒருவரும் உள்ளே வரவில்லை. மேசை இருந்த இடம் வரைக்கும் வந்து, அதற்கு மேல் கால் வைக்காமல், “அரைக் கிலோ துவரம்பருப்பு” என்று அங்கிருந்தே கேட்டார்கள். அஜீசுன்னிசா வற்புறுத்தி அழைத்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தார்கள். பத்து மணிக்குள் வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் ராஜவேல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “பாயம்மா, யாருக்கு என்னா ஆச்சு?” என்று கவலையோடு கேட்டார். அன்று மாலையே ‘செருப்போடு உள்ளே வரலாம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள்.

முதல் மாதம் ஏழு சோப்பும் ஒரு தேங்காயெண்ணெய் பாட்டிலும் காணாமல் போயின. யூசுப் எண்ணெய் அடுக்கைத் தன் கண்ணுக்கு நேராக மாற்றிக்கொண்டார்.

அஜீசுன்னிசாவைக் குடைந்தது வேறொன்று. முன்பெல்லாம் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்திருப்பார்கள். இப்போது அதையும் அடுக்கில் வைத்தார், ஒன்றுகூட நகரவில்லை. பெண்கள் அதன் அருகே வரைக்கும் வந்து, கல்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கவனித்த பிறகு காரணம் பிடிபட்டது.

“நீங்க கல்லாவுல இருக்கிறதுதான். சரக்கு எடுக்கிற வேலைய நீங்க பாருங்க. நான் இங்க உக்காந்துக்கறேன்.”

யூசுப் கல்லாவில் கிடந்த சில்லறையை எண்ணி முடித்தார். அந்த நாற்காலி அவரைப் பெற்ற அத்தா உட்கார்ந்தது. பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “பண்ருட்டியில முந்திரி நேரா எடுத்தா வெல நயம். நாளைக்கே போறேன்” என்றார். அந்த வாரமே நாப்கின் அடுக்கு காலியானது. யூசுப்புக்கும் ஊர் சுற்றுவது பிடித்துப்போனது.

சூப்பர் மார்க்கெட்டும் இருக்கிறது, இந்தக் கடையும் இருக்கிறது. போன வருடம் போனிலேயே ஆர்டர் வாங்கி மளிகை அனுப்பும் கம்பெனி ஒன்று வந்தது. அஜீசுன்னிசா ஒரு டப்பா பெருங்காயம் கேட்டுப் பார்த்தார். மறுநாள் வந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கடலூருக்கே போனார். பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகை, பெயர்ப்பலகைகூட இல்லை.

“இங்க விக்கிறதில்லம்மா” என்றார் காவலாளி.

“வாங்க வரலண்ணே. எப்படி அடுக்கியிருக்காங்கன்னு பாக்கணும்.”

அவர் ஒதுங்கி வழிவிட்டார். பாதி திறந்திருந்த ஷட்டருக்கு வெளியே நின்று அஜீசுன்னிசா பார்த்தார். அப்பளத்துக்குப் பக்கத்தில் போன் சார்ஜர், அதற்குப் பக்கத்தில் ரவை.

“ஏன் இப்படி மாத்தி மாத்தி வச்சிருக்கு?”

“எது ஜாஸ்தி போவுதோ அது வாசல்கிட்ட வரும். நெதம் மாத்துவாங்க.”

“அப்ப வாரத்துல எந்த நாளு அப்பளம் ஜாஸ்தி போவுது?”

காவலாளி யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. உள்ளே இருந்த ஸ்டூலை எடுத்து அஜீசுன்னிசாவுக்குப் போட்டுவிட்டு, “ஒக்காருங்க, சொல்றேன்” என்றார்.