பறிக்காமல் விட்ட மல்லித் தோட்டம்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் போன வருடம் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து பியோனி புராணம்தான். ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலமாம். சீசனில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் ரயிலேறி வருகிறார்களாம். பூவுக்கு வெயில் படக்கூடாது என்று குடை நட்டு வைத்திருக்கும் படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நம்ம ஊர்ல இப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பியோனி நம் வெயிலுக்கு வராது. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கி எழுந்தால்தான் அது பூக்கும். போகட்டுமே, நம்மிடம் சித்திரையில் குண்டு மல்லி இருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கடலோர மணலில் மல்லித் தோட்டங்கள் நிறைய உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அந்த ஆளிடம் காட்ட வேண்டும். பயணத்தின் நோக்கம் இவ்வளவுதான். இப்போது யோசித்தால் அதுவே சின்னத்தனமாகத்தான் தெரிகிறது.

கடந்த ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தாம்பரத்தில் பஸ் ஏறினேன். வார இறுதி நெரிசலில் கடலூர் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. முதுநகரில் என் மனைவியின் தம்பி குமரன் இருக்கிறான். அவன் வீட்டில் தங்கிவிட்டு சனிக்கிழமை காலை அவனுடைய காரிலேயே கிளம்பினோம். ஆறு மணிக்கே போக வேண்டும் என்றுதான் திட்டம். குமரன் வீட்டில் இட்லிக்கு மீன் குழம்பு ஊற்றினார்கள், கிளம்பும்போது மணி எட்டே முக்கால். உங்களில் யாராவது பூத்தோட்டம் பார்க்கக் கிளம்பினால் மீன் குழம்பைத் திரும்பி வந்து சாப்பிடுங்கள்.

முதுநகரிலிருந்து சிதம்பரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலையின் கிழக்குப் பக்கம் மண்ணின் நிறம் மாறுகிறது. முந்திரி, சவுக்கு, நடுவில் பாத்தி பாத்தியாக மல்லிச் செடி. நாங்கள் பார்த்த முதல் மூன்று தோட்டங்களிலும் வெறும் பச்சைதான். ஒரு பூ இல்லை. மொபெட்டில் காலிச் சாக்குகளை மடித்துப் போட்டுக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்தி, பூவெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"இப்ப வந்து கேக்குறீங்க! பூவெல்லாம் அப்பவே பஸ் ஏறிப் பூடுச்சு சார். மொட்டாதான் பறிப்போம். சாயங்காலம் பொம்பளைங்க தலைக்குப் போயிதான் அது விரியணும். செடியிலியே விரிஞ்சா எவன் வாங்குவான்?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன். ஆனால் மண்டையில் ஏறவில்லை.

ஏனென்றால் அடுத்த பத்தாவது நிமிடம், ஒரு கிளைச் சாலையில் திரும்பியதும், நான் தேடி வந்த படம் கண் முன்னால் இருந்தது. அரை ஏக்கர் இருக்கும். செடி தெரியாத அளவுக்கு வெள்ளை. காரின் கண்ணாடியை இறக்கியதும் வாசனை ஆளைத் தூக்கியது. "நிறுத்து மச்சான், நிறுத்து!" என்று கத்தினேன். குமரனுக்கு ஏதோ போன் வந்துவிட்டதால் அவன் காரிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் மட்டும் இறங்கி ஓடினேன்.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஏறக்குறைய என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். பச்சைப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டேன். வரச் சொன்னார்.

"எவ்ளோ அழகா இருக்குக்கா உங்க தோட்டம்! இதுக்காகவே சென்னையிலேர்ந்து வந்தேன். நீங்க ரொம்பக் குடுத்து வச்சவங்க" என்றேன்.

அவர் தோட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க, பூத்துருச்சு" என்றார்.

இருபது நிமிடம் அங்கே இருந்தேன். குனிந்து எடுத்தேன், படுத்து எடுத்தேன், வரப்பில் நின்று எடுத்தேன். நடுநடுவே பியோனியைப் பற்றி அவருக்கு விளக்கம் வேறு. வேலைக்கு ஆள் இல்லையா, நீங்களே தண்ணீர் பாய்ச்சுகிறீர்களே என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "பையன்தான் பாப்பான். பத்திரிகை குடுக்கப் போயிருக்கான். செடி காயக் கூடாதில்ல, அதான் நான் வந்தேன்" என்றார். பத்திரிகை என்றதும் கல்யாணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என்ன பத்திரிகை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் காலை வெளிச்சம் போய்விடுமே என்ற கவலை.

கடைசியாக அவரைப் பூக்களுக்கு நடுவில் நிற்கச் சொன்னேன். நின்றார். அப்போதுதான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

"என்னக்கா இது, இவ்ளோ பூவுக்கு நடுவுல நின்னுக்கிட்டு தலையில ஒரு பூ வைக்கலையே?"

அவர் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நாளன்னிக்கு வெப்பாங்க சார்" என்றார்.

"அட, விசேஷமா! அப்ப தலை நெறைய வச்சுக்கோங்க. எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்!"

"சரிங்க" என்றார்.

இதை எழுதும்போது காது சூடாகிறது. இருந்தாலும் சிரித்துக்கொண்டேதான் நான் காருக்குத் திரும்பினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பதினொன்றரைக்குச் சிதம்பரம். காரை நிறுத்த முப்பது ரூபாய். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்துவதற்குள் கோயிலுக்குள் போய் வந்துவிட்டோம். பிறகு சாப்பாடு, ஆளுக்கு நூற்று இருபது. கத்தரிக்காய் கொத்சு கேட்டு வாங்கினோம், சுமார்தான். இலை போட்டுக் காத்திருந்த நேரத்தில் படங்களை என் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். அந்த அம்மாவின் படத்துக்கு நான் கொடுத்த தலைப்பு, 'எங்க ஊர் பியோனித் தோட்டமும் அதன் மகாராணியும்'. நிறையப் பேர் இதயம் போட்டீர்கள். ஜப்பான் போய் வந்த அந்த ஆள்கூடப் போட்டார்.

மூன்று மணிக்கு மேல் கீழ வீதியில், மனைவிக்குப் பூ வாங்க ஒரு கடையில் நின்றோம். கட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம் பெருமையாகப் போனை நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

"இவுங்க தோட்டத்துப் பூதான் சார் எனக்கு டெய்லி வரும். இவுங்க வூட்டுக்காரரு தவறிட்டாரு, ரெண்டு வாரம் ஆவுது. சாவு வூட்டுப் பூவ சாமிக்கு வாங்க மாட்டாங்கன்னு பறிக்காமலே வுட்டுட்டாங்க. திங்கக்கெழமை கருமாதி. எனக்கும் பத்திரிகை வந்திருக்கு."

சனிக்கிழமைக்கு நாளன்றைக்குத் திங்கட்கிழமை. கருமாதி அன்று மனைவியை உட்கார வைத்து, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பொட்டிட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். எங்கள் சித்திக்கு அப்படிச் செய்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தெரியாதவன் இல்லை நான். அதுவரை பொட்டும் தாலியும் இருக்கும் என்பதும் தெரியும். அவரிடம்தான் தலை நிறைய வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வாங்கிய பூவைக் கடையிலேயே விட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்தேன். "தெரியாமதானே சொன்னீங்க மாமா, வுடுங்க" என்றான் குமரன். என்னால் விட முடியவில்லை. முதலில் என் இணையப் பக்கத்திலிருந்து எல்லாப் படங்களையும் நீக்கினேன். பிறகு போனிலிருந்து. பிறகு, அழித்த படங்கள் ஒரு மாதம் தங்கியிருக்கும் அந்த மூலையிலிருந்தும் துடைத்தேன். செய்து முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஏதோ பரிகாரம் செய்துவிட்ட நினைப்பு.

மறுநாள் காலை குமரனை அழைத்துக்கொண்டு மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க. முந்தின நாள் பூவெல்லாம் பழுப்பாகிக் கீழே கிடந்தது. மேலே புதிதாக வெள்ளை. தோட்டத்தை ஒட்டிய வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். நான் வரப்போரம் தயங்கி நிற்பதை அவரே பார்த்துவிட்டுக் கொல்லைப் பக்கமாக வந்தார்.

"தெரியாம பேசிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க" என்றேன்.

"அத வுடுங்க சார். நீங்க என்னாத்த கண்டீங்க" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து புடிச்சீங்களே போட்டோ, அது ஒண்ணு கெடைக்குமா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்க்கா. இனிமே யாரும் பாக்க முடியாது" என்றேன். அவர் நிம்மதிப்படுவார் என்று நினைத்து, சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன்.

"அழிச்சிட்டீங்களா" என்றார். "பொட்டோட எடுத்த போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல சார். கல்யாண போட்டோ வெள்ளத்துல பூடுச்சு. நாளைக்கு அப்பறம் எடுக்க முடியாதில்ல. அதான் ராத்திரில்லாம் நெனச்சுக்கிட்டு இருந்தேன், அந்த சார் கிட்ட இருக்குமேன்னு."

நான் பையிலிருந்து போனை எடுத்தேன். "இப்பவே ஒண்ணு எடுத்துர்றேன்க்கா. ஒரே நிமிஷம்."

"ஐயோ வேணாம் சார். சாவு வூட்டுல நின்னு போட்டோ புடிச்சுக்கிறாளேன்னு பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

அன்று மாலையே சென்னைக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக, அழித்ததைத் திரும்ப எடுக்கும் செயலிகளாகப் போனில் இறக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. போன் ரிப்பேர் கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். முடியாது என்கிறார்கள்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பங்குனியிலிருந்து வைகாசி வரை மல்லிக்கு நல்ல பருவம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால் போனால் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பதைப் பார்க்கலாம், வேலையைக் கெடுக்காமல் தள்ளி நில்லுங்கள். தோட்டம் முழுக்க விரிந்து நின்றால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்று முதலில் கேளுங்கள். ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை, பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். அந்தச் சனிக்கிழமை மதியம், சுமார் மூன்று மணி நேரம் அந்தப் படம் என் பக்கத்தில் இருந்தது. உங்களில் யாராவது அதைச் சேமித்து வைத்திருந்தாலோ, யாருக்காவது அனுப்பியிருந்தாலோ, தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். சுற்றிலும் வெள்ளையாக மல்லி, நடுவில் பச்சைப் புடவையில் ஓர் அம்மா. நெற்றியில் பொட்டு இருக்கும், தலையில் பூ இருக்காது.