ஜெசிந்தாவுக்கு ஒரு படம் வேண்டும்

செய்தி வந்தபோது சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் நான், என் கணவர், மாமியார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி ஆக நான்கு பேர் இருந்தோம். கடலூரிலிருந்து நம் குழு ஜெசிந்தாவின் கணவர் அந்தோணி போனில் பேசினார். "அக்கா, ஜெசி போயிட்டா. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…" தம்பி சிலிண்டரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அடக்கத்துக்கு மறுநாள் அந்தோணி என்னிடம் ஒன்று கேட்டார். "முப்பதாம் நாள் பூசைக்கு ஞாபக அட்டை அடிக்கணும். அவ போட்டோ உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் இல்லக்கா?" வாக்காளர் அட்டையையும் காட்டினார். "இதுல இருக்கறது யாருன்னு எனக்கே தெரியல." நானும் இருக்கும் என்றே நம்பினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நம் மகளிர் குழுவுக்காக அவளும் நானும் ஸ்கேன் செய்த படங்களையெல்லாம் பெயர் வரிசையில் அடுக்கி வைத்திருப்பவள் நான். தேடினேன். கடலூரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள், அவள் இல்லை. குழுவில் இருந்தவர்களுக்கும், நம்மிடம் படம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் அந்தப் பழைய ஸ்கேனரை வாங்கிய புதிதில் அதன் விளக்கு ஓடும், உறுமும், ஆனால் போட்டோ திருத்தும் சாஃப்ட்வேரில் ஒன்றும் வராது. 'ஸ்கேனர் இல்லை' என்றே திரையில் எழுதிக் காட்டும். "எதிர்லயே கெடக்குது, இல்லங்குது பாரு" என்பாள் ஜெசிந்தா. "மாமியா மருமவ மாதிரி ரெண்டும் பேசிக்க மாட்டேங்குதுக்கா. நடுவுல யாராச்சும் தூது போவணும்." அந்தத் தூதுக்குக் கம்ப்யூட்டர் மொழியில் டிரைவர் என்று பெயர் என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பண்ருட்டியில் ஒரு கடையில் அதற்குரிய சிடி கிடைத்தது. ஸ்கேனரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரைப் போட வேண்டும் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். முதல் படம் திரையில் மேலிருந்து கீழே மெல்ல இறங்கி வந்தபோது, அவள் சிலுவை போட்டுக்கொண்டாள், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் நான் பொட்டு வைத்தேன். ஸ்கேனருக்கு முகம் எது என்று யோசித்து, மூடியைத் திறந்து கண்ணாடியிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். துடைத்த பிறகும் ஒரு சிவப்புக் கறை ஓரத்தில் நின்றது. மறுநாள் வந்த படங்களிலெல்லாம் ஒரே இடத்தில் ஒரு புள்ளி. சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று நினைத்து, காலை முழுவதும் அதை நீக்கி நீக்கி மறுபடி ஏற்றினோம். மொட்டையடித்த பேரன் படத்தைக் கொண்டுவந்த திருவந்திபுரத்து அம்மா மட்டும், "சாமியே வெச்ச பொட்டு, எடுக்காதீங்க" என்றார். அவர் போன பிறகுதான் ஜெசிந்தா கண்ணாடியைப் பார்த்தாள். "அக்கா, மிஷினுக்கு பக்தி ஜாஸ்தியாயிடுச்சு!" சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து மூடியின் வெளிப்பக்கத்தில் அவளே பொட்டு வைத்தாள். "உங்க கைய நம்ப முடியாது."

தானே புயலுக்குப் பிறகு நனைந்த ஆல்பங்களோடு ஜனங்கள் வந்தார்கள். நான் அப்போது சிதம்பரத்துக்குக் குடி வந்துவிட்டேன். பஸ் ஓடத் தொடங்கியதும் உதவிக்குப் போனேன். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படங்களை யாரையும் அவள் பிய்க்க விடவில்லை. "கண்ணாடியோடயே கொண்டாங்க, அப்படியே ஸ்கேன் எடுத்துக்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கூரையும் போயிருந்தது. "உன் கல்யாண ஆல்பத்த மொதல்ல எடுத்துட்டு வாடி" என்றேன்.

"அது எங்கக்கா போவப்போவுது, ஊட்லதான கெடக்குது. பாவம், இவங்க எவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காங்க."

வரிசை முடிந்து அவள் ஆல்பத்தைத் திறந்தபோது, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்த இடமெல்லாம் வெள்ளையாக வந்தது. நான் அழுதேன். அவள், "அவரு மீசை மட்டும் தப்பிச்சிடுச்சு பாருங்க" என்றாள்.

படத்தைக் கண்ணாடியில் கவிழ்க்கும் முன் அதில் இருப்பவர் பெயரை அவள் கேட்பாள். "பேரு தெரியாம ஒருத்தர முகம் குப்புறப் போடக் கூடாதுக்கா." என்னிடம் தங்கியிருப்பது இதுதான். இப்போதும் படம் கொடுப்பவரிடம் முதலில் பெயரைக் கேட்கிறேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது அவள் பெயரையும் சொல்லிக்கொள்கிறேன். முகம் வர மறுக்கிறது. குரல்தான் வருகிறது.

உங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, ஞானஸ்நானம் எதிலாவது பந்தியோரமாக, யாருக்கோ பின்னால், பாதி முகமாக அவள் நின்றிருக்கலாம். தயவுசெய்து ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், வெட்டியும் தர வேண்டாம். இருக்கிறது என்று சொன்னால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அட்டை அச்சுக்குப் போக வேண்டும். உண்டு, இல்லை, எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.